கிறிஸ்துமஸ் விருந்துக்கு இலை வளைய வடிவில் சீஸ் தட்டு

கேள்வி: கிறிஸ்துமஸ் மாலையில் வரவிருக்கும் எட்டு விருந்தினருக்காக, பச்சை இலை வளையம் போன்ற சீஸ் தட்டு ஒன்றை அமைக்க விரும்புகிறேன். எவற்றை, எவ்வளவு வாங்க வேண்டும்?

மறுமொழி 1: உணவுக்கு முன் பரிமாறுவதென்றால் ஆளுக்கு 50 கிராம் போதும்; மென்மையான பிரீ, கெட்டியான செடார், துளைகள் கொண்ட எமென்டால் ஆகிய மூன்று சீஸ் வகைகளும் ஒன்றுக்கொன்று நன்கு பொருந்தும். வட்டத் தட்டின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதைச் சுற்றி ரோஸ்மேரி என்னும் மணமுள்ள மூலிகையின் கிளைகளை ஒரே திசையில் சாய்த்து அடுக்கிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தால், வளையம் கோணாமல் அமையும். மாதுளை முத்துக்களைக் கடைசியில்தான் தூவ வேண்டும். சென்ற ஆண்டு நான் முன்பே தூவியதால், பிரீயின் வெண்தோல் முழுவதும் சிவப்புச் சாறு படிந்துவிட்டது.

மறுமொழி 2: மேலே சொன்னவர் கூறியது சரியே. பரிமாறுவதற்குச் சுமார் முக்கால் மணி நேரம் முன்பு சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். குளிர் தணிந்த பிறகே அதன் மணமும் சுவையும் வெளிப்படும்.

கேள்வி கேட்டவர்: இருவருக்கும் மிக்க நன்றி. கிண்ணத்தைக் கவிழ்க்கும் முறையையே பின்பற்றுகிறேன்.