மாட்டுக் கொட்டகைக்குச் சோலாரா, சாண எரிவாயுவா?

8 மாடுகள் வைத்திருக்கிறேன். நேற்றும் சாயங்காலம் கறவை நேரத்தில் கரண்ட் போய், மெஷின் பாதியில் நின்றது. கடைசி 2 மாடுகளைக் கையால் கறந்தேன். ஒன்று உதைத்தே விட்டது. சாணம் தினம் 80 கிலோ சேர்கிறது. அதை வைத்து ஜெனரேட்டர் ஓட்டலாமா?

பதில் 1:
ஓடும், ஆனால் கணக்கைப் பாருங்கள். 25 கிலோ சாணத்துக்குச் சுமார் 1 கன மீட்டர் வாயு. உங்களுக்கு 3 கன மீட்டர் வரும். சின்ன இஞ்சினில் அது 4, 5 யூனிட்தான். பாதிக்கு மேல் சூடாகவே போய்விடும். அந்த வாயுவைப் பால் பாத்திரம் கழுவ வெந்நீர் போட எரித்துவிட்டு, மோட்டாரையும் மெஷினையும் சோலாரில் விடுவதுதான் என் கட்சி.

பதில் 2:
நான் அவசரப்பட்டு வாயுவை நேரே இஞ்சினுக்குக் கொடுத்தவன். அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிட்டது. இப்போது அதைப் பிடித்துக்கொள்ள, குழாய் வழியில் இரும்புத் துருவல் நிரப்பிய டப்பா இருக்கிறது. துருவல் கறுத்தால் மாற்றுவேன்.

கேட்டவர்:
சரி, பாலைக் குளிரவைக்க? ராத்திரி வெயிலுக்கு எங்கே போவது?

பதில் 2:
பகலில் சோலார் கரண்டில் ஐஸ் உறைய வைத்துக்கொள்ளும் தொட்டி போடுங்கள். சாயங்காலப் பாலை அதுவே 4 டிகிரிக்கு இறக்கிவிடும். அதற்கென்று தனி பேட்டரி வேண்டாம். கறவை மெஷினுக்கு மட்டும் சின்னதாக ஒன்று போதும்.