இலையுதிர் காலச் சமையல், வீட்டு உடற்பயிற்சி: இன்னும் மனத்தை உறுத்தும் அனுபவம் எது?

மஞ்சள் இலை:

பூசணி சூப்பைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். போன மாதம் வரை நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். மஞ்சள் பூசணி, இரண்டு கேரட், எண்ணெய் புரட்டி ஓவனில் சுட்டு, வதக்கிய வெங்காயம் பூண்டோடு அரைத்து, மிளகு தூவி இறக்குவது. இரவு உணவு எனக்கு அது மட்டும்தான். மாலையில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. நடுவில் பசித்தால் பச்சைக் கேரட். ஏழு வாரம், ஒரு நாள் தவறவில்லை. உடம்பு லேசானது, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

அம்மா வந்திருந்தார். தட்டை நீட்டினேன். தட்டை வாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்க மஞ்சள். ஒன்றும் பேசவில்லை, ஜன்னல் பக்கம் இழுத்துப்போய், கட்டைவிரலால் என் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். அப்பாவுக்கு ஈரல் நோய் வந்தபோது முதலில் கண்ணில்தான் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் அம்மாதான். அவருடைய விரல் என் கன்னத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கண் வெள்ளையாகத்தான் இருந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஈரலுக்குக் குறை ஒன்றும் இல்லை. "தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். சொன்னேன். கரோட்டினீமியா என்றார். பூசணி, கேரட் இவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் ரத்தத்தில் மிகுந்து தோலில் படிகிறது. உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கோரத்தில் முதலில் தெரியும். காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும், இதில் ஆகாது. உணவை மாற்றினால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானாகப் போய்விடும். கெடுதல் இல்லை.

கெடுதல் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த விரலின் நடுக்கம் மட்டும் என் முகத்தை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் மாடி:

அதே சூப். எனக்கு மிக்சி.

என் மகளுக்கு ஆறு வயது. முக்காலி போட்டு மேடைக்கு அருகில் நின்றுகொண்டு, "பொத்தானை நான்தான் அழுத்துவேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். கொதிக்கும் சூப்பை ஜாரின் கழுத்து வரை ஊற்றி மூடினேன். அவளுடைய பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்க இறங்கினாள். நான் அழுத்தினேன்.

மூடி கூரையில் அடித்தது. என் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, அதை விடுங்கள். சுவரில் சூப் அறைந்த இடம் சரியாக அவள் முகம் இருந்த உயரம். அந்தச் சுவருக்கு இரண்டு முறை வண்ணம் பூசியாகிவிட்டது. எனக்கு இன்னும் அந்த இடம் தெரிகிறது.

தண்டவாளம்:

மஞ்சள் இலை அவர்களுக்கு: கெடுதல் இல்லை என்று ஒரேயடியாக எழுதாதீர்கள். உங்களுக்கு இல்லை, சரி. தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே மஞ்சள் எளிதில் வரும். பரிசோதனை செய்யாமல் "பூசணிதான் காரணம்" என்று முடிவுகட்டி வேறு யாரும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

மூன்றாம் மாடி அவர்களே, ஜாரில் பாதிக்கு மேல் சூடான எதையும் ஊற்றக் கூடாது. கத்தி சுழன்றதும் நீராவி ஒரே நொடியில் விரிகிறது, போக வழியில்லாமல் மூடியைத் தூக்குகிறது. மூடியின் நடுவில் உள்ள சிறு அடைப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையின் மேல் மடித்த துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். கால் மணி நேரம் ஆறவிட்டு அரைத்தால் இன்னும் நல்லது.

என் அனுபவம் சிறியது. ராஜ்மாவை ஊறவைத்து, கொதிக்கவிடாமல், மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டோம். பதினொன்றரைக்கு நாங்கள் நான்கு பேரும் ஒரே குளியலறை வாசலில் நின்றோம். சின்னவன் நிற்கவில்லை, தரையில் படுத்துவிட்டான்.

எனவே எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதன் பிறகு எந்தப் பானையில் வேண்டுமானாலும் மெதுவாக வேகட்டும். அரைவேக்காட்டு ராஜ்மா பச்சையைவிடக் கொடியதாகிவிடக்கூடும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்குப் பயம் இல்லை. மீந்த குழம்பை, சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகும், சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று நான்கு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். சூடாக்கும்போது ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள், வெதுவெதுப்போடு நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் மாடி:

தண்டவாளம் அவர்களே, இப்போது இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

நூற்கண்டு:

இதை நான் எங்கும் சொன்னதில்லை.

போன ஆண்டுப் பூசணிப் பழத்திலிருந்து எடுத்து வைத்த விதையைத் தோட்டத்தில் போட்டேன். கொடி நன்றாக ஓடியது. போன ஆண்டு அந்தப் பழத்தின் கொடிக்குப் பக்கத்திலேயே அழகுக்காகச் சிறு பூசணிக்கொடி ஒன்றும் வளர்த்திருந்தேன், வரிவரியாக, பார்க்க அவ்வளவு அழகு. முதல் காயை என் கணவரின் ஆசிரியர் விருந்துக்கு வந்த அன்று அறுத்தேன். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

சூப்பை ருசி பார்த்தபோதே கசந்தது. பூண்டு கருகிவிட்டது போலும் என்று நினைத்தேன். தேன் ஊற்றினேன், பாலாடை சேர்த்தேன். கணவர் இரண்டு கரண்டியோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். ஆசிரியர் வைக்கவில்லை. ஒவ்வொரு கரண்டியாக, பேசிக்கொண்டே, கிண்ணத்தைச் சாய்த்து அடி வரை வழித்துக் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு அவர் மகன் தொலைபேசியில் அழைத்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு, எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். குக்கர்பிட்டாசின் என்று அங்கேதான் சொன்னார்கள். பூசணி, சுரை, வெள்ளரிக் குடும்பத்தின் கசப்பே அதுதான். வேகவைத்தாலும் அழியாது. அழகுப் பூசணியோடு மகரந்தம் கலந்தால் அந்தக் காயின் விதையில் முளைக்கிற கொடி கசப்பான காயைத் தரலாம். கசந்தால் துப்பிவிட வேண்டும், முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். தேன் ஊற்றக் கூடாது.

பார்க்கப் போனபோது, "ஏன் ஐயா குடித்தீர்கள்?" என்று கேட்டேன். "நீ வளர்த்தது என்று சொன்னாயே, அம்மா" என்றார்.

வாசல்படி:

சமையலை விட்டுக் கொஞ்சம் உடற்பயிற்சிக்கு வருகிறேன். "வலித்தால்தான் பலன்" என்று போன வாரம் இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோடை முழுவதும் ஒன்றும் செய்யவில்லை. குளிர் தொடங்கியதும் நண்பர்களோடு பந்தயம்: ஒரே மாலையில் முந்நூறு ஸ்குவாட், அதாவது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது. செய்து முடித்தேன். மறுநாள் தொடை கல்லாக இருந்தது. அது வழக்கம்தானே, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலி உச்சத்துக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். படியில் இறங்க முடியாமல் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு இறங்கினேன். இதுவும் வழக்கம் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் தேயிலைக் கஷாயத்தின் நிறத்தில் போனது. வெள்ளைப் பீங்கானில் அந்தப் பழுப்பு. தண்ணீர் ஊற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ராப்டோமயோலிசிஸ். தசை நார்கள் சிதைந்து அவற்றிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. நான்கு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். சிறுநீரகம் பிழைத்துக்கொண்டது. இப்போது ஒரு தடவைக்கு எட்டு, மூன்று தடவை, வாரத்தில் இரண்டு நாள். வலிக்கும், பேசவும் நடக்கவும் முடியும். வலியோடு வீக்கமும் கருத்த சிறுநீரும் வந்தால் அது பலன் அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தி நடை:

வாசல்படி தம்பி, நான் உடம்பைச் சொல்லவில்லை, எண்ணைச் சொல்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் கணவரும் நடப்போம். பத்தாயிரம் காலடி ஆகாமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது என் சட்டம். அன்றைக்கு 9,400. மழை பெய்து ஓய்ந்திருந்தது, இருட்டிவிட்டது. "போதுமே" என்றார். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்றேன். மரத்தடியில் நனைந்த சருகு பாய் போலக் கிடந்தது. வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவரைத் தூக்கக் குனிந்தபோது என் கைக்கடிகாரம் அதிர்ந்தது. பத்தாயிரம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடினேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானியின் பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று பொருள். சொல்வதற்கு வசதியான எண், விற்பதற்கு நல்ல பெயர். மருத்துவர் யாரும் எனக்கு அந்த எண்ணை எழுதித் தரவில்லை.

தண்டவாளம்:

அம்மா, மன்னியுங்கள், எண்ணே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால் மழை நாளில் வெளியே போகவே தேவையில்லை. மாடிப்படி இரண்டு நிமிடம், சுவரில் கையூன்றித் தள்ளுவது பத்து முறை, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை குதிகால் உயர்த்தி இறக்குவது, பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, எல்லாம் சேரும். பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துவது) செய்கிறவர்கள் மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். இருபது நொடி போதும், இடுப்பு தொய்ந்தால் நிறுத்திவிடுங்கள். வெளியே போயே தீர வேண்டும் என்றால் அடிப்பாகம் தேயாத செருப்பு, கையில் விளக்கு, சருகு இல்லாத பாதை.

அந்தி நடை:

அவருடைய கை கூடிவிட்டது. கட்டுப் பிரித்த அன்றைக்கே நடக்கலாம் என்று அவர்தான் கூப்பிட்டார். நான்தான் போகவில்லை.

நாற்காலி:

பாட்டியைப் பற்றி. சுருக்கமாக.

இரண்டு ஆண்டுகளாகப் பாட்டி நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். காலையில், மதியம், இரவு. பேரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இயன்முறை மருத்துவர் வந்தார். நான் வழக்கம்போல் குனிந்தேன். "கையை எடுங்கள்" என்றார்.

கையை எடுத்தேன். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கினார். பாதங்களைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொன்னார். பாட்டி என்னைப் பார்த்தார். பிறகு எழுந்தார். தொடை நடுங்கியது, முழுதாக நிமிர்ந்து நின்றார். மறுபடி மெதுவாக உட்கார்ந்தார். ஐந்து முறை.

இப்போது காலையும் மாலையும் பத்து. தலையணை இல்லாமல். ஆப்பிளைக் குடைந்து, நடுவில் ஓட்ஸும் பட்டைத்தூளும் திணித்து, அரை மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்தால் அதை எடுத்துச் சாப்பிட அவரே சமையலறைக்கு நடந்து வருகிறார். அந்த இரண்டு ஆண்டுகள் நான் தூக்கியது அவரையா, அவர் காலில் இருந்த பலத்தையா என்று யோசிக்காத நாள் இல்லை.

நூற்கண்டு:

நாற்காலி தம்பி, ஆப்பிளைத் தோல் சீவித் தருகிறீர்களா? என் மாமியாருக்குத் தோல் மெல்ல வராது.

நாற்காலி:

சீவுவதில்லை, அக்கா. வெந்ததும் கரண்டியால் உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுவார். தோல் கிண்ணம் போல நின்றுவிடும். வெடிக்காமல் இருக்க நடுவில் சுற்றிலும் கத்தியால் ஒரு கோடு கீறிவிடுங்கள்.

மஞ்சள் இலை:

தண்டவாளம் சொன்னது சரிதான், தைராய்டும் பார்த்துவிட்டேன், குறை இல்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் பூசணி. மற்ற நாள்களில் பருப்பும் கீரையும் சேர்த்த சூப், காளான், முட்டைக்கோஸ். உள்ளங்கை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது.

நேற்று அம்மா வந்தார். செருப்பைக் கழற்றியதும் என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். "சரியாகிவிட்டது, அம்மா" என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. வெளிச்சம் விழும்படி முகத்தைத் தூக்கிக் கொடுத்தேன். இமையை இறக்கி நன்றாகப் பார்த்தார்.