ஆறு வருடம் கொடுத்த இடத்தை விட்டு மாறியது தவறா?

நிலவன்:
ஆறு வருடமாக ஒரே தொண்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் அனுப்பினேன். போன மாதம் நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறிவிட்டேன். பணமுடை எதுவும் இல்லை. வந்த கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி நன்றி, அடுத்த வரி 'கொஞ்சம் கூட்டித் தர முடியுமா'. படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசிக் கடிதத்தில் என் பெயரே தப்பு.

செல்வி:
வருத்தம் புரிகிறது நிலவன். ஆனாலும் சரி என்று சொல்ல மாட்டேன். நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சந்தாவை நம்பித்தான் ஆசிரியர் சம்பளத்துக்கு வாக்குக் கொடுக்கிறோம். பத்துப் பேர் சேர்ந்தாற்போல் நிறுத்தினால் ஒரு மாலை வகுப்பு போய்விடும். உங்கள் பெயரைத் தப்பாக எழுதியது அந்தப் பிள்ளைகள் இல்லையே.

கதிர்:
பிள்ளைகளைக் காட்டி, பணம் கொடுப்பவரைக் கட்டிப்போடக் கூடாது. அமெரிக்கக் கணக்குகளின்படி முதல் முறை கொடுப்பவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மறு வருடமும் கொடுக்கிறார்கள். மீதிப் பேருக்கெல்லாம் மனசு கல்லா? ஏட்ரியன் சார்ஜென்ட் என்ற பிரிட்டன் ஆய்வாளர் விலகியவர்களையே கேட்டுப் பார்த்தார். சிலருக்கு அங்கே கொடுத்த ஞாபகமே இல்லை! அது யார் குறை?

செல்வி:
வேறு நோக்கம் இதைவிட முக்கியம் என்று போனவர்களும் அதே ஆய்வில் உண்டு. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் பணம் அந்தப் பக்கம் ஓடும். ஓடட்டும், தேவைதான். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி செய்தியில் வராது. அது பத்து வருட வேலை. அப்புறம், போனவர் இடத்துக்குப் புது ஆள் சேர்க்க ஆகும் செலவு, பல சமயம் அந்தப் புது ஆள் முதலில் தரும் தொகையையே தாண்டிவிடுகிறது. அதுவும் நன்கொடைப் பணம்தான்.

கதிர்:
அந்தச் செலவில் கொஞ்சத்தை எடுத்து, இருப்பவர்களுக்கு ஒழுங்காக எழுதலாமே.

செல்வி:
எழுத வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேர், அதனால் தள்ளிப் போகிறது. நிலவன், நிறுத்துவதற்கு முன்னால் ஒரு போன் செய்தீர்களா?

நிலவன்:
இல்லை. அவர்களும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. புது இடத்திலிருந்து முதல் ரசீதோடு நாலு வரி வந்தது: இரண்டு சக்கர நாற்காலிக்கு டயர் மாற்றினார்களாம். திரும்பிப் போகப் போவதில்லை. ஆனால் அந்த மாலை வகுப்பு மனதை உறுத்துகிறது. ஏன் நிறுத்தினேன் என்று இன்று ராத்திரி பழைய இடத்துக்கு எழுதிவிடுகிறேன்.