புதுப்பிப்பு: விஎல்சி வீடியோ பிளேயரில் தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிவது

முதல் பதிவில் எழுத்துருவை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தேன். பலருக்கு அதுவே போதும்: கன்ட்ரோல்+பி அழுத்தி அமைப்புகளைத் திறந்து, சப்டைட்டில் பகுதியில் எழுத்துருவை நிர்மலா யுஐ (விண்டோஸில் தமிழ் காட்டும் எழுத்துரு) ஆக்கிச் சேமித்து, பிளேயரை மூடித் திறங்கள்.

கட்டங்களுக்குப் பதில் à®, ¯ போன்ற குப்பை வந்தால் கோளாறு எழுத்துருவில் இல்லை, குறியாக்கத்தில் (என்கோடிங், அதாவது ஃபைலில் எழுத்துகளைப் பதியும் முறை). அதே பகுதியில் டீஃபால்ட் என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக்குங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால், சப்டைட்டில் ஃபைலை யாரோ ஆன்சியில் (தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத பழைய குறியாக்கம்) சேமித்திருக்கிறார்கள். எழுத்துகள் அப்போதே அழிந்துவிட்டன. எந்த அமைப்பும் மீட்காது. வேறு பிரதியைத் தேடுவதுதான் வழி. நோட்பேடில் திருத்துபவர்கள் சேவ் ஆஸ் கொடுக்கும்போது கீழே யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

சப்டைட்டில் பேச்சுக்குப் பிந்தி வந்தால் ஜி விசை, முந்தினால் ஹெச் விசை. ஓர் அழுத்துக்கு 50 மில்லிநொடி நகரும்.