சைடு வேலையில் வரும் 9,000 ரூபாயை விடலாமா?

கூடுவாஞ்சேரி_கணக்கு:

வயசு 41. நுங்கம்பாக்கத்தில் ஒரு தனியார் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ். காலையில் 7 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினா, திரும்ப ராத்திரி எட்டு ஆயிடும். ரயில்ல தாம்பரம் வரைக்கும் உட்கார இடம் கிடைச்சா அன்னைக்கு நல்ல நாள்.

இது போக எங்க ஏரியாவுல மூணு கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். மெடிக்கல், பேக்கரி, ஹார்டுவேர். கடைக்கு 3,000 வீதம் மாசம் 9,000. மெடிக்கலும் பேக்கரியும் தொல்லை இல்லை. ஹார்டுவேர் அண்ணாச்சி மட்டும் பர்ச்சேஸ் பில் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு 19-ம் தேதி ராத்திரி அனுப்புவார். 3பி (மாசாமாசம் போடுற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) கட்ட 20 கடைசி நாள். பாதி பில்லுல மசாலா டீ கறை.

"காலாண்டு ரிட்டர்னுக்கு மாத்துங்க"ன்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன், கேட்டுப் பார்த்தாச்சு. அவர்கிட்ட வாங்குற கான்ட்ராக்டர்களுக்கு மாசாமாசம் இன்புட் கிரெடிட் (வாங்கினப்போ கொடுத்த வரியைத் தங்க வரியில கழிச்சுக்கிறது) தெரியணுமாம். நடுவுல தனியா பில் ஏத்துற வசதி இருக்குன்னு சொன்னேன். "புதுசா எதுவும் வேணாம் தம்பி" முடிஞ்சது.

போன மாசம் 20-ம் தேதி ஞாயிறு. மகளை (9 வயசு) வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தேன். ரயில்ல பத்து நிமிஷம். மூணாவது தடவையா தள்ளிப் போச்சு. அவ அழலை. "பரவாயில்லப்பா, அடுத்த மாசம் 20 எந்தக் கிழமை?"ன்னு காலண்டரைப் புரட்டினா. அதுதான் என்னமோ பண்ணுது.

வீட்டுக் கடன் பாக்கி 20 லட்சம், இன்னும் 20 வருஷம், வட்டி 8.5. இந்த நிலைமையில வர்ற பணத்தை விடுறது புத்திசாலித்தனமா? வீட்ல "உங்க இஷ்டம்"ங்கிறாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு கல்யாணமானவங்களுக்குத் தெரியும்.

பழைய_பேரேடு:

தம்பி, நான் வங்கியில் 33 வருஷம் இருந்து ரிடையர் ஆனவள். முதல்ல கணக்கைப் பார்ப்போம், மனசை அப்புறம் பார்க்கலாம்.

உங்க இ.எம்.ஐ. ஏறக்குறைய 17,350 இருக்கணும். இந்த 9,000-ஐயும் மாசாமாசம் அசல்ல கட்டினா, வட்டி இப்படியே இருந்தா, 20 வருஷக் கடன் 9 வருஷத்துல முடியும். தனிநபர் வீட்டுக் கடன் மாறும் வட்டியா இருந்தா முன்கூட்டிக் கட்ட அபராதமும் கிடையாது. ஹார்டுவேரை விட்டுட்டு 6,000 மட்டும் கட்டினா 11 வருஷம். ஆக, அண்ணாச்சியோட மஞ்சப்பைக்கு விலை கடைசியில ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷம் உங்களுக்கு 50 வயசுல கிடைக்கும். அப்போ பொண்ணுக்கு 18. ஜூவுக்குக் கூப்பிட்டா வருவாளா?

ஆனா ஒரு கேள்வி. இப்போ அந்த 9,000 அசலுக்குப் போகுதா, இல்ல எங்கேயோ போகுதா? ரெண்டாவதுதான்னா, மேல சொன்ன கணக்கெல்லாம் வெறும் காகிதம்.

வேப்பம்பூ:

இதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கு. ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் குழு 2017-ல் வெளியிட்டது. கனடாவின் வான்கூவர்ல வேலைக்குப் போறவங்க 60 பேருக்கு ரெண்டு வார இறுதியில தலா 40 டாலர் கொடுத்தாங்க. ஒரு வாரம் பொருள் வாங்கணும், இன்னொரு வாரம் நேரத்தை மிச்சப்படுத்துற எதுக்காவது செலவழிக்கணும். நேரத்தை வாங்கின நாள்லதான் மனசு லேசா இருந்தது. வேடிக்கை என்னன்னா, 40 டாலர் கிடைச்சா என்ன செய்வீங்கன்னு வேற ஆட்கள்கிட்ட சும்மா கேட்டப்போ நேரம் மிச்சமாகுற செலவைச் சொன்னவங்க 2 சதவீதம்தான்.

இதை அப்படியே நம்ம வீட்டுக்குக் கொண்டு வர முடியாது. பாத்திரம் தேய்க்க ஆள் வெச்சதுக்கு என் மாமியார் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தாங்க. என் மனசு லேசா ஒண்ணும் ஆகலை.

ஸ்டியரிங்:

கால் டாக்ஸி ஓட்டுறேன். ஞாயிறு இல்லை, தீபாவளி இல்லை. 9,000-ஐ விடலாமான்னு யோசிக்க முடியுதே, அதுவே கொடுப்பினை சார். எங்கப்பா பட்டறையில ஓவர்டைம் பார்த்தே தேய்ஞ்சார். அவர் தூங்கி நான் பார்த்ததே கம்மி. அதுக்காக அந்த ஓவர்டைமைத் திட்டவும் வாய் வரலை, என் ஐ.டி.ஐ. ஃபீஸ் அதுலதான் கட்டினது. ஒண்ணு மட்டும் கேட்கிறேன். மூணையும் ஏன் ஒரே மூட்டையா பேசுறீங்க? எந்தக் கடை எத்தனை மணி நேரம் தின்னுதுன்னு எழுதிப் பார்த்தீங்களா? நான் ட்ரிப்புக்கு ட்ரிப் பார்ப்பேன்.

கூடுவாஞ்சேரி_கணக்கு:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

ஸ்டியரிங் அண்ணன் சொன்ன மாதிரி எழுதினேன். ஊரார் கணக்கெல்லாம் பார்க்கிறவன், என் கணக்கை ஒரு தடவை கூட எழுதினதில்லை. மெடிக்கல் மாசம் 8 மணி நேரம், பேக்கரி 9, ஹார்டுவேர் 21. அதாவது மெடிக்கல்ல மணிக்கு 375 ரூபாய், ஹார்டுவேர்ல 143.

பேரேடு அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்ல வெட்கமா இருக்கு. ஒரு பைசா அசலுக்குப் போகலை. 20-ம் தேதியை ஒட்டின நாள்ல பார்சல் சாப்பாடு, ஸ்டேஷன்லேருந்து ஆட்டோ, "அப்பா வாங்கித் தர்றேன்"னு சமாதானத்துக்கு வாங்கின பொம்மைகள். மிச்சம் எங்கேன்னு தேடினேன், கிடைக்கலை.

அண்ணாச்சிகிட்ட போய் விடுறேன்னு சொன்னேன். "5,000 தர்றேன்"ன்னார். சரின்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் கணக்குப் போட்டேன், 5,000 வாங்கினாலும் மணிக்கு 238. அடுத்த நாள் போன் பண்ணி, கடைப் பையனே டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல ஏத்தி 5-ம் தேதிக்குள்ள ஃபைலைக் கொடுத்தா ரிட்டர்ன் மட்டும் 1,500-க்குப் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். "பார்க்கலாம்"னார். அப்படின்னா மாட்டார்னு அர்த்தம். 20-ம் தேதி வந்தா இன்னும் கை பரபரக்குது.

மத்த ரெண்டு கடைக் காசு 6,000 இப்போ நேரா கடன் கணக்குக்குப் போகுது. ரெண்டு தவணை கட்டியாச்சு.

ஜூவுக்கும் போனோம். மகளுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு, நான் ஆபீஸுக்கு ஒரு நாள் லீவு போட்டேன். போன நாள் செவ்வாய்க்கிழமை. வாசல்ல போய் நின்னப்புறம்தான் தெரிஞ்சது, செவ்வாய் வார விடுமுறையாம். எதிர்ப்பக்கம் இளநீர் குடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு நடந்தே திரும்பினோம். "ஜிஎஸ்டி தேதி எல்லாம் தெரியுது, இது தெரியலையா?"ன்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தா.