மறு: ‘மேற்கோள் பாணி’ வேண்டாம், ‘அடைவுப்பாங்கு’ எடுத்துக்கொள்வோம்

வணக்கம். லேடெக் என்னும் ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு நாம் எழுதும் தமிழ்க் கையேட்டின் கலைச்சொற்கள் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு இது என் பதில்.

> லேடெக் கையேட்டில் பிப்லியோகிராஃபி ஸ்டைல் என்பதற்கு ‘மேற்கோள் பாணி’ என்றே போடலாமே? எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மேற்கோள் என்றால் ஒற்றைக்குறிக்குள் எடுத்தாளும் பிறர் வாசகம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நாம் சொல்லவருவது நூலின் கடைசியில் நிற்கும் பட்டியலை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேடெக்குக்கு அந்தப் பட்டியலை ஆக்கித்தரும் பழைய நிரலான பிப்டெக்கில் ஒரே பி.எஸ்.டி. (.bst) கோப்பு பட்டியலின் வடிவத்தையும் வரிசையையும் அடையாளக் குறிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த பிப்லேடெக் தொகுப்பில் அப்படி இல்லை. உரைக்குள் வரும் சிறு குறிப்புக்கு சி.பி.எக்ஸ். (.cbx), கடைசிப் பட்டியலுக்கு பி.பி.எக்ஸ். (.bbx) என்று தனித்தனிக் கோப்புகள். ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே விட்டுவிடலாம். இரண்டையும் ‘மேற்கோள் பாணி’ என்று எழுதினால் படிக்கிற மாணவர் எந்தக் கோப்பைத் திறப்பார்?

அதனால் முன்னதற்கு ‘சுட்டுப்பாங்கு’, பின்னதற்கு ‘அடைவுப்பாங்கு’. சொல்லடைவு, பொருளடைவு எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அடைவு ஒட்டிக்கொள்ளும். நூலடைவு என்று நான் போடாததற்குக் காரணம், கல்வெட்டும் ஓலைச்சுவடியும் இணையப்பக்கமும் அதே பட்டியலில்தான் வருகின்றன. உசாத்துணை அருமையான சொல், ஈழத்து நண்பர்கள் இயல்பாகவே எழுதுகிறார்கள். பட்டியலுக்குத் தலைப்பாக அதையே வைக்கலாம். கூட்டுச்சொல்லில்தான் நீண்டுபோகிறது. ‘அடைவு யாப்பு’ என்று ஒருவர் சொன்னதை ரசித்தேன், ஆனால் வெண்பாவா ஆசிரியப்பாவா என்று கேட்பார்கள்.

> கஸ்டமைஸ் என்பதற்குத் தனிப்பயனாக்கம்?

கைப்பேசியில் பின்னணிப் படம் மாற்றுவதற்கு அது சரி. இங்கே நடப்பது வேறு. பிப்லேடெக்கில் ஆங்கிலச் சரங்களுக்கு, அதாவது பட்டியலில் தானாக வந்துவிழும் சொற்களுக்கு, பதில் தமிழ்ச் சரங்களைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்போம், முடியாது. கட்டுரை இடம்பெற்ற தொகுப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘இன்:’ என்று முன்னால் வரும். நமக்கு வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். அந்த இடத்தில் ‘இல்:’ என்று போட்டால் படிக்கவே சகிக்காது. ‘இன்:’ என்று அச்சிடும் சிறுநிரலையே வெறுமையாக்கி, தொகுப்பின் தலைப்புக்குப் பின் உருபு வரும்படி எழுத வேண்டும். எனவே ‘பாங்கைத் திருத்துதல்’ என்று வெறுமனே சொன்னாலே போதும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பி.எஸ்.டி. கோப்பின் நிரல்மொழியில் முதலில் மதிப்புகள், அப்புறம்தான் செயல். ஓரன் படாஷ்னிக் 1985இல் எழுதிய பிப்டெக்கைப் பலர் சபிப்பது இதற்காகத்தான். வினைமுற்றைக் கடைசியில் வைத்துப் பேசும் நாம் சபிக்க நியாயமே இல்லை!

ஆனால் அதே பழைய பிப்டெக் தமிழை பைட் பைட்டாக வெட்டும். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். பெயரின் முதலெழுத்தை மட்டும் எடுக்கும் பாங்கில் அது முதல் பைட்டோடு நிறுத்திவிடும், பெயர் இருந்த இடத்தில் குப்பை வரும். அகரவரிசையும் கோணும். யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற இருப்பதால் பைட் வரிசை நம் நெடுங்கணக்கோடு ஒத்துப்போகாது. கையேட்டில் பிப்லேடெக்கையும் அதற்காகப் பட்டியலை வரிசைப்படுத்தித் தரும் பைபர் நிரலையும் மட்டும் சொல்லிக்கொடுத்து, பிப்டெக்கை ஒரு பத்தியோடு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

> டிரைவர் என்பதற்கு ‘இயக்கி’ இருக்கிறதே?

அச்சுப்பொறி இயக்கி என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அதைக் குழப்ப வேண்டாம். பிப்லேடெக்கில் அது நூல், கட்டுரை, ஆய்வேடு என ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் எந்தப் புலம் முதலில், எது அடுத்து என்று சொல்லும் நிரல். ‘பதிவுவரைவு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ஆசிரியர் பலராக இருக்கும்போது ஆங்கிலத்தில் ‘எட் ஆல்’ வரும் இடத்தில் ‘முதலியோர்’ போடுவதா ‘பிறரும்’ போடுவதா என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டால் தமிழ்ச் சரங்களுக்கான கோப்பு வேலையை முடித்துவிடலாம்.