அம்மாவின் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள்: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, அவசரம். மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும். பூத் சிலிப்பும் அடையாள அட்டையுமாகப் போன அம்மாவின் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. மை படாத விரலைக் காட்டியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தேர்தல் நடத்துதல் விதி 49P-யின்படி, அடையாளத்தை உறுதிசெய்தால் அவருக்கு வாக்குச்சீட்டு தந்தாக வேண்டும். ஆனால் அந்தச் சீட்டு தனி உறைக்குள் போகும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. கள்ள ஓட்டு மட்டும் எண்ணப்படும். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. வீடு தேடி வந்த பணத்தை வாங்க மறுத்தவர் அம்மா. எண்ணாவிட்டாலும் பதிவாகட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

இப்படி வாக்களித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வாக்குச்சாவடி தலைமை அலுவலர் மறுத்தால், 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணைத் தவிர வேறு யாரை அழைப்பது? எழுத்துப்பூர்வப் புகாருக்கு ஒப்புகை கேட்கலாமா? பூத் ஏஜெண்டாக இருந்து பழகியவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.